இருபத்து மூன்று விநாடிப் பொறுமை

கிழக்குக் காயல் படகுப் பயணக் கழகத்தில் பொறுமை போதிய அளவு கையிருப்பில் இல்லை என்பது அரசாங்கத்துக்கு ஒரு செவ்வாய்க்கிழமையன்று தெரியவந்தது. அன்று காலை அமைச்சர் ஒருவரின் மைத்துனர் தோளில் பலாப்பழத்தோடு வரப்பில் ஓடி வந்தும், எட்டு மணிப் படகு அவரை விட்டுவிட்டுப் போய்விட்டது. சாதாரண ஜனங்களை விட்டுவிட்டுப் படகு போவது முப்பது வருஷமாக நடக்கிற காரியம்தான். அதற்கெல்லாம் யாரும் கமிட்டி போட்டதில்லை. மைத்துனர் விஷயம் அப்படி லேசுப்பட்டதா? வெள்ளிக்கிழமைக்குள் கமிட்டி வந்துவிட்டது.

'ஓடி வரும் பயணிகளைக் கண்டும் காணாதது போல் படகை எடுத்தல் குறித்து' என்று தலைப்பிட்டு அது போட்ட ஆணை, படகு மாஸ்டர்கள் பதினான்கு பேரின் பொறுமையையும் அறிவியல் முறைப்படி அளந்து, அறுபது மதிப்பெண்ணில் நாற்பதுக்குக் கீழே வருகிறவர்களைப் பொதுமக்கள் கண்ணில் படாத இடத்துக்கு மாற்றும்படி கூறியது. பொதுமக்கள் கண்ணில் படாத இடம் என்றால் யார்டு. கரையேற்றிப் போட்ட படகுகளின் அடியில் படுத்துக்கொண்டு பாசி சுரண்டுகிற இடம்.

முக்கோலிக்கடவு வழித்தடத்தின் மாஸ்டர் வாவச்சனுக்கு இந்த ஆணையைக் கேட்டு ஒரு கவலையும் வரவில்லை. ஏன் வரவேண்டும்? இருபத்தாறு வருஷமாகச் சுக்கான் பிடிக்கிறார். ரோடு இல்லாத பக்கம் அது. ஒரு படகை விட்டால் அடுத்த படகுக்கு ஒன்றரை மணி நேரம். அதனால் அங்கே ஒரு வழக்கம் உண்டு. தூரத்தில் வரப்பில் வருகிறவர் வாயில் கையைக் குவித்து 'கூய்' என்று ஒரு கூவல் கொடுப்பார். கூவல் காதில் விழுந்தால் வாவச்சன் படகை எடுக்க மாட்டார். ஆனால் மனிதருக்கு வாய் பொல்லாத வாய். அவர் படகில் லேட்டாக வந்து திட்டு வாங்காமல் ஏறியவர் கிடையாது. திட்டு வாங்கிய பிறகு ஏறாமல் நின்றவரும் கிடையாது.

“ஏண்டா, வீட்டுல கடிகாரத்தை வித்துத் தின்னுட்டீங்களா?”

“பசு கன்னு போட்டுது மாஸ்டரே.”

“நீதான் பசுவுக்கு மருத்துவச்சியா? ஏறித் தொலை. பலகை வழுக்கும், பாத்து.”

ஆரம்பப் பள்ளி ரெத்னம்மா டீச்சருக்குத் தினமும் ஒரு திட்டு உண்டு. வாரத்தில் ஐந்து நாளும் அவர் குடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடித்தான் வருவார்.

“டீச்சரே, லேட்டா வர்ற பிள்ளையை பெஞ்சு மேல ஏத்தி நிறுத்துறீங்களே, உங்களை நான் எது மேல நிறுத்துறது?”

“நீங்க திட்டுறதைத் திட்டுங்க மாஸ்டரே. நான் மூச்சு வாங்கிட்டுப் பதில் சொல்றேன்.”

இதற்கு நேர் எதிர் சசாங்கன். அவர் வடக்கு வழித்தடத்து மாஸ்டர். படிய வாரிய தலை, மாறாத சிரிப்பு, யாரையும் கடிந்து ஒரு வார்த்தை பேச மாட்டார். மணி அடித்ததும் படகை எடுத்துவிடுவார். கரையில் ஒருவர் கூவிக்கொண்டு ஓடி வந்தால் அவரைப் பார்த்து அன்பாகக் கையசைத்துக்கொண்டே போவார். மைத்துனருக்கும் அப்படித்தான் கையசைத்தார்.

பொறுமையை அளக்கிற கருவியை வெளியூரிலிருந்து டெண்டர் மூலம் தருவித்தார்கள். கருவி என்றால் இரும்பு கிரும்பு இல்லை, அறுபது கேள்விகள் கொண்ட ஒரு புத்தகம். கூடவே அதைத் தயாரித்த டாக்டர் ஈப்பனும் வந்தார். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, மனசை அளக்கிற படிப்பில் பட்டம் வாங்கியவர். சின்ன வயசு, நல்ல பிள்ளை, சொல்வதைப் புரியும்படி சொல்லக்கூடியவர். அரசாங்க வேலைக்கு இந்த மூன்றுமே ஆகாது என்பது அவருக்கு அப்போது தெரியாது.

கழகத்தின் உணவுக்கூடத்தில் பதினான்கு மாஸ்டர்களும் உட்கார்ந்தார்கள். பணியாளர் பிரிவு அதிகாரி ஆனந்தவல்லி அம்மா மேற்பார்வை பார்த்தார்.

“இதுல சரி தப்புன்னு எதுவும் கிடையாது,” என்றார் டாக்டர் ஈப்பன். “ஆம், இல்லை, ரெண்டுல ஒன்னு. மனசுல உள்ளதை எழுதுங்க, போதும்.”

வாவச்சன் மனசில் உள்ளதை எழுதினார். 'காத்திருக்க நேரும்போது எனக்கு எரிச்சல் வருவதில்லை' என்று ஒரு வாக்கியம். வருகிறதே, தினமும் வருகிறதே என்று நினைத்து 'இல்லை' போட்டார். 'தாமதமாக வருகிறவர்களை நான் மனதுக்குள் திட்டுவதில்லை.' மனதுக்குள் எங்கே, வாய்விட்டே திட்டுகிறேன் என்று அதற்கும் 'இல்லை' போட்டார். 'அடுத்தவருக்காக என் நேரம் வீணாவது எனக்குச் சந்தோஷம் தருகிறது.' இதற்கு யாராவது ஆம் என்பானா? எவன் எழுதினான் இதை? அதற்கு 'இல்லை'யை இரண்டு தடவை எழுதினார்.

சரி தப்பு என்று எதுவும் கிடையாத அந்தப் பரீட்சையில் வாவச்சன் அறுபதுக்கு இருபத்து மூன்று வாங்கினார். சசாங்கன் ஐம்பத்தேழு வாங்கினார்.

“காப்பி அடிச்சியா?” என்று வாவச்சன் கேட்டார்.

“யாரைப் பாத்து அடிக்கிறது? உங்களைப் பாத்தா?” என்றார் சசாங்கன் சிரிப்பு மாறாமல். “நான் ஒரு பொய்யும் எழுதல சேட்டா. எரிச்சல் வருமான்னு கேட்டிருந்தாங்க. எனக்கு ஒரு நாளும் வந்ததில்லையே.”

வீட்டில் மனைவி சோசம்மாவிடம் மதிப்பெண்ணைச் சொன்னபோது அவள் மீன் அரிவதை நிறுத்தாமலே கேட்டாள்.

“இருபத்து மூணா? அவ்வளவு எப்படி வந்துச்சு? என்கிட்டக் கேட்டிருந்தா மூணுதான் போட்டிருப்பேன்.”

“வெளையாடாத. நாப்பதுக்குக் கீழேன்னா யார்டு.”

அரிவாள்மணையில் அவள் கை நின்றது. “பாசி சுரண்டவா? நீங்களா?”

“ஆமா.”

“படகு இல்லாம நீங்க இருந்திடுவீங்களா?”

இருக்க முடியாது என்று இரண்டு பேருக்கும் தெரியும். வாவச்சன் சாப்பிடாமல் எழுந்து போனார்.

மறுநாள் அவர் ஆனந்தவல்லி அம்மாவின் அறைக்குப் போய் முறையிட்டார். அங்கே டாக்டர் ஈப்பனும் இருந்தார். ஆனந்தவல்லி அம்மா கெட்ட மனுஷி இல்லை. முப்பத்திரண்டு வருஷ சர்வீஸில் ஒரு காகிதத்தைக்கூட அவர் தொலைத்ததில்லை. காகிதத்தில் இல்லாத எதையும் அவர் பார்த்ததுமில்லை.

“பயப்படாதீங்க மாஸ்டர்,” என்றார் டாக்டர் ஈப்பன். “ஒரே தடவை அளந்து முடிவு பண்ண மாட்டோம். மூணு வாரம் கழிச்சு அதே கேள்விகளை மறுபடி குடுப்போம். ரெண்டு தடவையும் கிட்டத்தட்ட ஒரே மதிப்பெண் வந்தாத்தான் நம்பகத்தன்மை இருக்குன்னு அர்த்தம்.”

ஆனந்தவல்லி அம்மா அதைக் கவனமாகக் குறித்துக்கொண்டார். மாலையில் சுற்றறிக்கை வந்தது. 'மேற்படி மறு அளவீட்டில் முதல் அளவீட்டின் மதிப்பெண்ணையே பெறாத ஊழியர், நம்பகத்தன்மை அற்றவராகக் கருதப்பட்டு ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளாவார் என இதன்மூலம் தெரிவிக்கப்படுகிறது.'

டாக்டர் ஈப்பன் சுற்றறிக்கையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். “மேடம், நம்பகத்தன்மை அளவுகோலுக்கு இருக்கணும். ஆளுக்கு இல்ல. மதிப்பெண் மாறுச்சுன்னா அளவுகோல் சரியில்லன்னுதான் அர்த்தம்.”

“டாக்டரே, அளவுகோலை டெண்டர் போட்டு வாங்கியிருக்கோம். அது சரியில்லன்னா தணிக்கைக்காரன் என் கழுத்துல உக்காருவான். ஆளை நாங்க டெண்டர்ல எடுக்கல. ஆள் சரியில்லன்னா ஒருத்தனும் ஒன்னும் கேக்க மாட்டான்.”

வாவச்சன் நிலைமையை யோசித்துப் பாருங்கள். இந்தத் தடவை பொறுமையாக எழுதி நாற்பதைத் தாண்டினால் அவர் நம்பத்தகாதவர். நம்பத்தகுந்தவராக அதே இருபத்து மூன்றை எடுத்தால் பொறுமையில்லாதவர்.

“மேடம், நான் எந்தப் பக்கம் போனாலும் யார்டுதானே?”

“அப்படிச் சொல்லாதீங்க. ஒரு பக்கம் யார்டு. இன்னொரு பக்கம் யார்டோட மெமோவும் உண்டு. முதல் பக்கம்தான் உங்களுக்கு நல்லது.”

மூன்று வாரமும் கழகத்தில் வேறு பேச்சே இல்லை. பதினான்கு பேரும் முன்பு தாங்கள் எழுதிய பதிலை நெட்டுருப் போட்டார்கள். படகுத்துறைக் கடையில் பால் விடாத கட்டன் சாயா குடிக்கும்போதுகூட 'ஆம், இல்லை, இல்லை, ஆம்' என்று முணுமுணுத்தார்கள். வாவச்சனுக்குச் சோசம்மா பரிப்புவடை தட்டிக்கொண்டே கேள்வி கேட்டாள். அவர் முன்பு தப்பாகச் சொன்ன இடத்தில் இப்போது சரியாகச் சொல்லிவிட்டால், தலையில் அடித்துக்கொண்டு தப்பைச் சொல்லிக்கொடுத்தாள்.

மறு அளவீட்டில் பதின்மூன்று பேர் அதே மதிப்பெண்ணை எடுத்தார்கள். ஒருவர் மட்டும் நாற்பத்து நான்குக்குப் பதில் நாற்பத்தாறு எடுத்துவிட்டார். அவருக்கு 'இரண்டு மதிப்பெண் அளவுக்கு நம்பத்தகாதவர்' என்று மெமோ கொடுத்து, பழைய விடைத்தாளை எதிரே வைத்து மறுபடி எழுதச் சொன்னார்கள். பிறகு கணக்கு கச்சிதமாக வந்தது. இரண்டு அளவீடுகளுக்கும் இருந்த ஒற்றுமை நூற்றுக்கு நூறு.

“நாங்க எண்பது வந்தாலே மிட்டாய் குடுப்போம் மேடம்,” என்றார் டாக்டர் ஈப்பன். அவர் முகம் வெளிறியிருந்தது. “நூறு வந்தா பயப்படணும்.”

“எதுக்குப் பயம்? மத்த டிபார்ட்மெண்ட்ல இருந்தெல்லாம் வந்து பாக்கப் போறாங்க.”

“படகுத்துறையில மீன் விக்கிற அம்மாவோட தராசைப் பாத்திருக்கீங்களா? கிலோவுக்கு நூறு கிராம் குறையும். எப்ப வாங்குனாலும் அதே நூறு கிராம்தான் குறையும். மாறவே மாறாது. அந்தத் தராசுக்கும் நம்பகத்தன்மை நூத்துக்கு நூறு. மீன் மட்டும்தான் குறையுது.”

“அதுக்கு இப்ப என்ன பண்ணணும்கறீங்க?”

“அளவுகோல் பொறுமையைத்தான் அளக்குதான்னு பாக்கணும். கேள்வித்தாள்ல இல்ல, படகுத்துறையில போய்ப் பாக்கணும். ஒரு வாரம் ஆள் போட்டு எண்ணுங்க. எத்தனை பேர் ஓடி வந்தாங்க, எந்த மாஸ்டர் எத்தனை பேருக்கு நின்னார்னு.”

கமிட்டி ஒப்புக்கொண்டது. குமாஸ்தாக்கள் குடையும் நோட்டும் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு படகுத்துறையிலும் உட்கார்ந்தார்கள். வாவச்சனுக்கு உயிர் வந்தது. அந்த ஒரு வாரம் அவர் புதிதாக எதுவும் செய்யவில்லை. எப்போதும்போல நின்றார், எப்போதும்போலத் திட்டினார்.

அறிக்கை வந்தது. முக்கோலிக்கடவு வழித்தடத்தில் ஓடி வந்தோர் நாற்பத்தேழு, ஏற்றிக்கொள்ளப்பட்டோர் நாற்பத்தேழு, திட்டு வாங்கியோர் நாற்பத்தேழு. வடக்கு வழித்தடத்தில் ஓடி வந்தோர் முப்பத்தொன்று, ஏற்றிக்கொள்ளப்பட்டோர் இல்லை, கையசைக்கப்பட்டோர் முப்பத்தொன்று.

“பாத்தீங்களா மேடம்? அப்படியே தலைகீழ்,” என்றார் டாக்டர் ஈப்பன்.

ஆனந்தவல்லி அம்மா அறிக்கையை இரண்டு முறை படித்தார். “ஆமா, பெரிய முரண்பாடுதான். அளவுகோல் ஒன்னு சொல்லுது, படகு ஒன்னு சொல்லுது. ரெண்டுல எதுக்கு அரசு அங்கீகாரம் இருக்கு?”

“அளவுகோலுக்கு.”

“நம்பகத்தன்மை எதுக்கு நூறு?”

“அதுக்குத்தான். ஆனா மேடம்…”

“இந்த வாவச்சன் திங்கக்கிழமை மூணு நிமிஷம் நின்னிருக்கார், புதன்கிழமை ஏழு நிமிஷம் நின்னிருக்கார். ஒரு நாள் போல ஒரு நாள் இல்ல. உங்க கணக்குப்படியே இது நம்பகமில்லாத பொறுமை. நம்பகமில்லாத ஒன்னை வச்சு நம்பகமான ஒன்னை எப்படித் திருத்துறது? படகைத்தான் திருத்தணும்.”

இன்னொரு சிக்கலும் இருந்தது. பதினான்கு மாஸ்டர்களில் ஒன்பது பேர் நாற்பதுக்குக் கீழே. அதாவது ஒன்பது பேர் மனசில் உள்ளதை எழுதியிருந்தார்கள். ஒன்பது பேரையும் யார்டுக்கு அனுப்பினால் படகை யார் ஓட்டுவது? கமிட்டி இரண்டு மணி நேரம் கூடிப் பேசி, இரண்டு சிக்கலையும் ஒரே ஆணையில் தீர்த்தது. ஒவ்வொரு மாஸ்டரும் மணி அடித்த பிறகு தமது மதிப்பெண் எத்தனையோ அத்தனை விநாடி படகை நிறுத்தி வைக்க வேண்டும். குறையவும் கூடாது, கூடவும் கூடாது. தம்முடைய பொறுமையை மீறிக் காத்திருக்கும் மாஸ்டர், அளவு கடந்த பொறுமைக்காக யார்டுக்கு மாற்றப்படுவார்.

“மதிப்பெண்ணுக்கு விநாடின்னு ஒரு அலகே கிடையாது மேடம்,” என்று டாக்டர் ஈப்பன் கடைசியாக ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

“இப்ப வந்திருச்சில்ல? உங்க துறைக்கு எங்களால ஒரு உதவி.”

ஆணை அமலுக்கு வந்த முதல் நாள் வாவச்சனின் படகில் பறக்கும் படை ஏறியது. படையில் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் கழுத்தில் ஸ்டாப் வாட்ச் தொங்கியது. ரெத்னம்மா டீச்சர் வழக்கம்போல் தென்னைகளுக்கு நடுவில் குடையோடு தெரிந்தார். கூய் என்று ஒரு கூவல் வந்தது.

“இருபது,” என்றார் பறக்கும் படை. “இருபத்தொன்னு.”

“பொம்பளை ஓடி வருது சாரே. இன்னும் அம்பதடி இருக்குமா?”

“இருபத்து ரெண்டு. எனக்கும் பாவமாத்தான் இருக்கு. ஆனா உங்க பொறுமை இவ்வளவுதானே? இருபத்து மூணு.”

வாவச்சன் படகை எடுத்தார். இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக யாரையும் திட்டாமல் எடுத்தார். டீச்சர் குடையை இறக்கிவிட்டுக் கரையிலேயே நின்றார். கையசைக்கலாமா என்று வாவச்சனுக்கு ஒரு கணம் தோன்றி, வெட்கமாகிப்போய்ச் சுக்கானை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அன்று மத்தியானச் சோறு இறங்கவில்லை.

ரெத்னம்மா டீச்சர் சும்மா விடவில்லை, மனு எழுதினார். ஒன்பதாம் நாளே பதில் வந்தது. இந்த வேகம் கழக வரலாற்றில் முன்பு கண்டதில்லை. 'தங்கள் வழித்தட மாஸ்டரின் பொறுமை இருபத்து மூன்று ஆகும். தாங்கள் அதற்குள் வந்து சேரும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்.' வெளிப்படைத்தன்மை கருதி ஒவ்வொரு படகின் முகப்பிலும் மாஸ்டரின் பொறுமையை வெள்ளைப் பெயிண்டில் எழுதி வைத்தார்கள்.

வடக்கு வழித்தடத்தில் சசாங்கன் பாடு திண்டாட்டமாகிவிட்டது. ஐம்பத்தேழு விநாடி! அந்த மனிதர் வாழ்நாளில் ஐந்து விநாடி நின்றதில்லை. மணி அடித்த பிறகும் படகு நிற்க, அதற்குள் யாரோ வாத்துக் கூடையோடு ஓடி வர, கூடை கவிழ, அந்த ஆள் வாத்தைப் பிடிக்க, சசாங்கனின் சிரிப்பு முதல் வாரத்திலேயே கழன்று விழுந்தது. இரண்டாம் வாரத்தில் ஒரு பயணியை எருமை என்றார். மூன்றாம் வாரத்தில் அந்த எருமையின் குடும்பத்தையும் சேர்த்துக்கொண்டார்.

வாவச்சன் பக்கமோ நாளாக நாளாக அமைதியாகிவிட்டது. ஜனங்கள் வாட்ச் கட்டிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். படகில் ஏறி உட்கார்ந்ததும் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்கள். மழைக்காலம் முடிவதற்குள் ரெத்னம்மா டீச்சர்தான் படகில் முதல் ஆளாக ஏறுகிறவர், ஜன்னல் ஓரமும் அவருக்குத்தான். ஒரு நாள் வரப்பில் ஒரு பெண் ஆஸ்பத்திரிச் சீட்டை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தாள். வாவச்சன் வாட்சைப் பார்க்காமல் கொஞ்சம் அசட்டையாக இருந்தார். பறக்கும் படை வந்து மாதக்கணக்காகிறது, யாருக்குத் தெரியப்போகிறது என்று ஒரு நினைப்பு.

“மாஸ்டரே, இருபத்து மூணு ஆச்சு,” என்று ஜன்னலோரத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

வாவச்சன் திரும்பிப் பார்த்தார். டீச்சர்தான்.

“நானெல்லாம் நேரத்துக்கு வரலையா?” என்றார் டீச்சர்.

வாவச்சன் படகை எடுத்தார். அன்று மத்தியானம் சோறு சுகமாக இறங்கியது. அது அவருக்கே கொஞ்சம் ஆச்சரியமாக இருந்தது.

வருஷக் கடைசியில் கழகம் பயணிகள் திருப்திக் கணக்கெடுப்பு நடத்தியது. படகுக்குள் இருந்தவர்களிடம் கேட்டார்கள். நூற்றுக்கு நூறு பேரும் திருப்தி என்றார்கள். படகைத் தவறவிட்டவர்களின் கருத்தைப் பெற இயலவில்லை, ஏனெனில் அவர்கள் படகில் இல்லை என்று அடிக்குறிப்பில் முறையாகச் சொல்லியிருந்தார்கள்.

அதோடு வருடாந்தர மறு அளவீடும் வந்தது. வாவச்சனுக்குப் பழைய பதில்கள் மறந்துபோயிருந்தன. சரி, மனசில் உள்ளதை எழுதுவோம் என்று எழுதினார். காத்திருக்க நேரும்போது எரிச்சல் வருகிறதா? எங்கே வருகிறது? எரிச்சல் வந்து எத்தனை மாதம் ஆயிற்று. தாமதமாக வருகிறவர்களைத் திட்டுகிறாரா? அவர்கள் படகுக்கே வருவதில்லையே, எங்கே போய்த் திட்டுவது. வரிசையாக நல்ல பதிலாகவே வந்தது.

ஐம்பத்தெட்டு!

ஆனந்தவல்லி அம்மா அவரைக் கூப்பிட்டு அனுப்பினார். டாக்டர் ஈப்பனையும் வரவழைத்திருந்தார்.

“மாஸ்டர், மேலிட அனுமதி இல்லாம உங்க பொறுமை முப்பத்தஞ்சு கூடியிருக்கு. என்ன விளக்கம்?”

“உள்ளதைத்தான் எழுதினேன் மேடம். இப்பல்லாம் யாருக்காகவும் நிக்கிறதில்லையா, அதனால எனக்கு எரிச்சலே வர்றதில்ல.”

“சசாங்கன் பத்தொம்பது எடுத்திருக்கார். கேட்டா, அம்பத்தேழு விநாடி நின்னு பாத்தா உங்களுக்குத் தெரியும்னு என்கிட்டயே கத்துறார்.”

டாக்டர் ஈப்பன் இரண்டு விடைத்தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“டாக்டரே, அப்ப இந்த அளவுகோல் என்னதான் அளக்குது?”

“யாருக்காகவும் நின்னு பழக்கமில்லாதவங்க யாருன்னு அளக்குது மேடம். அதை ரொம்பச் சரியா அளக்குது.”

“இதை மினிட்ஸ்ல போட முடியாது,” என்றார் ஆனந்தவல்லி அம்மா. பிறகு அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்தார். அவர் பேனாவைக் கீழே வைத்து யாரும் பார்த்ததில்லை. “மாஸ்டர், உங்க சர்வீசைப் பாத்து ஒன்னு சொல்றேன். அம்பத்தெட்டுன்னே பதிஞ்சுக்கலாம். நம்பகத்தன்மை போயிடும், ஒரு எச்சரிக்கைக் கடிதம் வரும், வாங்கிப் பெட்டியில போட்டுருங்க. யார்டு கிடையாது, படகு உங்களுக்குத்தான். தினமும் அம்பத்தெட்டு விநாடி நிக்கலாம். ஓடி வர்றவங்க முக்கால்வாசிப் பேர் ஏறிடுவாங்க. இல்ல, பழைய இருபத்து மூணே இருக்கட்டுமா? நீங்களே சொல்லுங்க.”

டாக்டர் ஈப்பன் வாவச்சனின் முகத்தையே ஆவலாகப் பார்த்தார். வாவச்சன் யோசித்தார். நின்றால் என்ன ஆகும்? டீச்சர் கேள்வி கேட்பார். நாற்பது பேர் கையைத் திருப்பி வாட்ச் பார்ப்பார்கள். வரப்பில் வருகிறவன் பசு கன்று போட்ட கதையைச் சொல்வான், மறுபடி வாய் வலிக்கத் திட்டவேண்டும், ரத்தக் கொதிப்பு ஏறும். இப்போது படகு நேரத்துக்கு வீடு சேர்கிறது. சோசம்மாகூட மனுஷன் எவ்வளவு சாந்தமாகிவிட்டார் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

“இருபத்து மூணே இருக்கட்டும் மேடம். பழகிப்போச்சு.”

அவர் எழுந்து போகும்போது டாக்டர் ஈப்பன் வாசல்வரை கூடவே வந்தார். “நாளைக்குக் காலைல உங்க படகுல வர்றேன் மாஸ்டர். ஜனங்ககிட்ட நானே பேசணும். இதை இப்படியே விடக் கூடாது.”

“தாராளமா வாங்க சாரே,” என்றார் வாவச்சன் புன்னகையோடு.

மறுநாள் காலை டாக்டர் ஈப்பன் வரப்பில் வழுக்கி விழுந்து, எழுந்து, சேறு அப்பிய கால்சட்டையோடு ஓடி வந்தார். கூவுகிற வழக்கம் அவருக்குச் சரியாக வரவில்லை. கூய்க்குப் பதில் ஏதோ ஒரு சத்தம் வந்தது.

“யாரது?” என்று ஒருவர் கேட்டார்.

“நம்ம அளவுகோல் டாக்டர்,” என்றார் வாவச்சன்.

“இருபத்து மூணு,” என்றார் இன்னொருவர்.

படகு நகர்ந்தது. டாக்டர் படகுத்துறைப் பலகையின் நுனிவரை வந்து, இரண்டு கையையும் முட்டியில் ஊன்றி மூச்சு வாங்கிக்கொண்டு, என்னவோ கத்தினார். எஞ்சின் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. வாவச்சன் அவரைப் பார்த்து அன்பாகக் கையசைத்தார்.

“பாவம், நல்ல பிள்ளை,” என்றார் ரெத்னம்மா டீச்சர், மடியிலிருந்த பையைச் சரிசெய்துகொண்டே. “அடுத்த படகு எப்ப மாஸ்டரே?”

“ஒன்றரை மணி நேரம் ஆகும்.”

“அவ்வளவுதானே? நிக்கட்டும். மனுஷன்னா கொஞ்சம் பொறுமை வேணும்.”